பெருமூளைப் புறணியின் மேற்பரப்பளவு: ஒரே மூளைக்கு மூன்று மொத்தங்கள் வருவது ஏன்?

நரம்பியல்_மாணவி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். டி1 எடையிட்ட எம்.ஆர்.ஐ படங்களிலிருந்து பெருமூளைப் புறணியின், அதாவது மூளையின் மடிந்த வெளி அடுக்கின், மேற்பரப்பளவை அளந்து, வயதோடு அது எவ்வாறு மாறுகிறது என்று பார்ப்பது என் வேலை. வாக்சல் (படத்தை ஆக்கும் சிறு கனசதுரம்) அளவு 1 மி.மீ.; படங்கள் எல்லாவற்றையும் ஃப்ரீசர்ஃபர் என்ற மூளைப்பட மென்பொருளில் ஓட்டி முடித்துவிட்டேன்.

ஒரே ஆளின் இடது அரைக்கோளத்துக்கு மொத்தப் பரப்பை மூன்று வழிகளில் கணக்கிட்டேன். முதலாவது, மென்பொருளே தரும் சுருக்க அட்டவணையில் உள்ள எண். இரண்டாவது, அந்த ஆளின் சொந்த வலையில் (புறணியைப் போர்த்தும் முக்கோணங்களின் பின்னலில்) ஒவ்வொரு முனைக்கும், அதாவது முக்கோணங்கள் கூடும் மூலைக்கும், எழுதப்பட்டிருக்கும் பரப்பளவை நானே கூட்டிய எண். மூன்றாவது, அதே மதிப்புகளை எல்லோருக்கும் பொதுவான வார்ப்புரு வலைக்கு மாற்றிய பிறகு கூட்டிய எண். இரண்டாவது எண் முதலாவதை விடச் சற்றே அதிகம். மூன்றாவது இரண்டையும் விட மிக அதிகம். இதைவிட என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. மூன்றாவது வழியில் பெரிய தலை உடையவருக்கும் சிறிய தலை உடையவருக்கும் ஏறக்குறைய ஒரே மொத்தம் வருகிறது. புறணியின் தடிமனுக்கு இதே நிரலைத்தான் பயன்படுத்தினேன். அங்கே எந்தக் குழப்பமும் வரவில்லை. எங்கே தவறுகிறேன் என்று சொல்ல முடியுமா?

முக்கோணம் எழுதியது:

முதல் இரண்டு எண்களின் வேறுபாடு எளிது. அரைக்கோளத்தின் வலை ஒரு மூடிய பந்து. இரண்டு அரைக்கோளங்களும் ஒட்டியிருக்கும் உட்பக்கத்தில், கார்பஸ் கலோசமும் தலாமஸ் பகுதியும் இருக்கும் இடத்தில், புறணி என்று ஒன்று கிடையாது. ஆனாலும் பந்து மூடியிருக்க வேண்டும் என்பதற்காக வலை அந்த இடத்தையும் போர்த்திச் செல்கிறது. சுருக்க அட்டவணை அந்த உட்சுவரை விலக்கிவிட்டுக் கூட்டுகிறது. நீங்கள் எல்லா முனைகளையும் கூட்டினீர்கள். புறணி என்று குறிக்கப்பட்ட முனைகளை மட்டும் கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒன்றாகிவிடும்.

மூன்றாவதுதான் உண்மையான சிக்கல். முனை என்பது ஒரு புள்ளி. புள்ளிக்குப் பரப்பு கிடையாது. பரப்பு இருப்பது முக்கோணத்துக்கு. கோப்பில் முனைக்கு எதிரே எழுதியிருக்கும் எண், அந்த முனையில் கூடும் முக்கோணங்கள் ஒவ்வொன்றின் பரப்பிலும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக் கூட்டியது. ஆகவே அந்த எண்ணில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன: மூளை எவ்வளவு பெரியது என்பது ஒன்று, வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருக்கிறது என்பது மற்றொன்று.

இப்போது உங்கள் வலை எப்படிப் பிறந்தது என்று பாருங்கள். புறணிக்கு அடியில் இருக்கும் வெண்பொருளின் எல்லையில் உள்ள வாக்சல்களின் முகங்கள் ஒவ்வொன்றும் இரண்டு முக்கோணங்களாக வெட்டப்பட்டு, பிறகு வழவழப்பாக்கப்பட்டன. வாக்சல் எல்லோருக்கும் 1 மி.மீ. தான் என்பதால், ஒரு முக்கோணத்தின் சராசரிப் பரப்பும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய மூளைக்கு முக்கோணங்கள் பெரிதாவதில்லை, எண்ணிக்கைதான் கூடுகிறது. வார்ப்புரு வலையிலோ எண்ணிக்கை நிலையானது: ஓர் அரைக்கோளத்துக்கு 1,63,842 முனைகள், 3,27,680 முக்கோணங்கள். உங்கள் நிரல் ஒவ்வொரு வார்ப்புரு முனைக்கும் பக்கத்திலிருக்கும் சொந்த முனையின் மதிப்பை எடுத்து ஒட்டியிருக்கிறது. சொந்த வலையில் 1,30,000 முனைகள் இருந்தால் மொத்தம் சுமார் 1.26 மடங்காக வீங்கும். 1,50,000 முனைகள் இருப்பவருக்கு 1.09 மடங்குதான் வீங்கும். சிறிய மூளை அதிகமாக வீங்கி, பெரிய மூளை குறைவாக வீங்கி, இருவரும் ஒரே இடத்தில் வந்து நிற்கிறார்கள். நீங்கள் அளக்க வந்த வேறுபாட்டையே அந்த ஒரு வரி அழித்துவிட்டது.

தடிமன் தப்பித்ததற்குக் காரணம், அது ஓர் இடத்தில் இருக்கும் அளவு. அங்கே எத்தனை முனைகளை வைத்தாலும் தடிமன் மாறாது.

வரைபடக்காரர் எழுதியது:

நான் மூளை ஆய்வாளர் அல்ல. நில வரைபடங்களோடு வேலை செய்பவன். ஆனால் இந்தச் சிக்கல் எங்கள் துறைக்கு மிகப் பழக்கமானது என்பதால் எழுதுகிறேன். மாநகராட்சியில் வார்டு மறுவரையறை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வார்டுகளின் மழையளவும் மக்கள்தொகையும் கையில் இருக்கின்றன. புதிய வார்டுகளுக்கு இரண்டும் வேண்டும். மழையளவுக்கு அருகில் இருக்கும் பழைய வார்டின் எண்ணை அப்படியே எழுதலாம், பெரிய தவறு வராது. மக்கள்தொகையை அப்படி எழுதினால், ஒரு பழைய வார்டை மூன்றாக உடைத்த இடத்தில் அதே ஜனங்கள் மூன்று முறை எண்ணப்படுவார்கள். உடைந்த துண்டின் அளவுக்கு ஏற்ப மக்களைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். பங்கிட்ட பிறகு ஊரின் மொத்தம் ஒருவர் கூடாமலும் குறையாமலும் இருக்க வேண்டும்.

இந்த மொத்தம் காக்கும் இடைக்கணிப்பு முறையை வால்டோ டோப்ளர் என்ற புவியியலாளர் 1979இல் வகுத்துக் கொடுத்தார். அதே கருத்து மூளைப் புறணிக்கு வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி ஏற்பட்டது.

முக்கோணம் எழுதியது:

வரைபடக்காரர் சொன்னதே அச்சொட்டான விளக்கம். ஆண்டர்சன் விங்க்லரும் உடன் ஆய்வாளர்களும் 2012இல் நியூரோஇமேஜ் இதழில் வெளியிட்ட கட்டுரை டோப்ளரின் அந்தக் கொள்கையைத்தான் எடுத்தாள்கிறது. இரண்டு வலைகளையும் கோளத்தின் மீது விரித்து, ஒரு முக்கோணம் மற்றொன்றின் மேல் எவ்வளவு படிகிறது என்று பார்த்து, படியும் விகிதத்தில் பரப்பைப் பங்கிடுவது அவர்கள் வழி. முனைகளுக்குப் பதில் முக்கோணங்களிலேயே கணக்கை நடத்துவதால், எங்கே எது போனது என்று ஒவ்வொரு துண்டாகப் பின்தொடர முடிகிறது.

அவ்வளவு கணக்கு வேண்டாம் என்றால், ஃப்ரீசர்ஃபரில் மதிப்புகளை வார்ப்புருவுக்கு மாற்றும்போது ஜாக்கோபியன் திருத்தத்தை (இடத்துக்கு இடம் வலை விரிந்த, சுருங்கிய விகிதத்தால் மதிப்பைச் சரிசெய்வது) சேர்க்கும் தேர்வு இருக்கிறது. அதைப் போட்டால் மொத்தம் காக்கப்படும். இடத்துக்கு இடம் மட்டும் சிறு பிசகுகள் வரலாம். எந்த வழியில் போனாலும், மாற்றுவதற்கு முன்பும் பின்பும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். உங்களைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான்.

பழைய_வாக்சல் எழுதியது:

மாணவி இன்னொரு கேள்வியை இன்னும் கேட்கவில்லை. கேட்டாக வேண்டும் என்பதால் நானே எழுப்புகிறேன். எந்த மேற்பரப்பின் பரப்பு? வெண்பொருளும் சாம்பல்பொருளும் சந்திக்கும் உள்பரப்பா, மூளையின் மெல்லிய உறையான பையா மேட்டரை ஒட்டிய வெளிப்பரப்பா, இரண்டுக்கும் நடுவில் செல்லும் இடைப்பரப்பா?

ஒரு மடிப்பு மேட்டின் உச்சியைக் குறுக்கே வெட்டி, அரைவட்டமாக எண்ணிக்கொள்ளுங்கள். உள்பரப்பின் ஆரம் 2 மி.மீ., புறணியின் தடிமன் 3 மி.மீ. என்றால் வெளிப்பரப்பின் ஆரம் 5 மி.மீ. ஆகிறது. உள்ளே அரைவட்டத்தின் நீளம் 6.3 மி.மீ.; வெளியே 15.7 மி.மீ.; நடுவே சென்றால் 11 மி.மீ. ஒரே திசு, ஒரே உச்சி, ஆனால் எண்கள் இரண்டரை மடங்கு விலகி நிற்கின்றன. பள்ளத்தின் அடியில் இதே கணக்கு தலைகீழாகிவிடும். அதாவது உள்பரப்பில் அளந்தால் மேடுகளுக்குக் குறைவாகவும் பள்ளங்களுக்கு அதிகமாகவும் பங்கு போகும். வெளிப்பரப்பில் அளந்தால் மாறாக நடக்கும்.

இப்போது வயதாகி அந்த இடத்தின் தடிமன் 3 மி.மீ.இலிருந்து 2.5 மி.மீ.ஆகக் குறைந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உள்பரப்பு அசையவே இல்லை. வெளிப்பரப்பின் அரைவட்டம் மட்டும் 15.7இலிருந்து 14.1 மி.மீ.ஆகச் சுருங்கும். பத்து விழுக்காடு பரப்பு போய்விட்டது என்று கட்டுரையில் எழுதுவீர்கள். உண்மையில் போனது தடிமன். உங்கள் ஆய்வு வயதைப் பற்றியது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தடிமனையும் பரப்பையும் தனித்தனியாகப் பேச வேண்டுமானால் உள்பரப்பு பாதுகாப்பானது. மேட்டையும் பள்ளத்தையும் ஒன்றாக நடத்த வேண்டுமானால் இடைப்பரப்பு நல்லது. மூளையின் இணைப்புகளை வரையும் ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் இடைப்பரப்பை வழங்குவதும் இந்தப் பயன் கருதியே. இரண்டில் எதை எடுத்தாலும் கட்டுரையில் பெயர் சொல்லி எழுதுங்கள். 'புறணிப் பரப்பு' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

கன_அளவுக்காரர் எழுதியது:

எல்லோரிடமும் ஒரு கேள்வி. பரப்பைத் தடிமனால் பெருக்கினால் கன அளவு வந்துவிடுகிறது. கன அளவுக்கு இந்த வலை, கோளம், ஜாக்கோபியன் எதுவுமே தேவையில்லை; சாம்பல்பொருள் வாக்சல்களை எண்ணினால் போதும். இத்தனை சிரமப்பட்டுப் பரப்பைத் தனியே பிரிப்பதால் கிடைக்கும் கூடுதல் அறிவு என்ன?

மரபணு_வாசகர் எழுதியது:

கேள்வி நியாயமானது. பதில் கருவின் வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. பாஸ்கோ ராகிச் 1988இல் முன்வைத்த ஆரத்தண்டுக் கருதுகோளின்படி, மூளை அறைகளை ஒட்டியிருக்கும் முன்னோடி செல்கள் முதலில் தங்களையே பெருக்கிக்கொள்கின்றன. பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் பிறக்கும் நரம்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறி ஒரு தண்டாக அடுக்கப்படுகின்றன. தண்டுகளின் எண்ணிக்கை பரப்பைத் தீர்மானிக்கிறது. ஒரு தண்டில் எத்தனை செல்கள் அடுக்கப்படுகின்றன என்பது தடிமனைத் தீர்மானிக்கிறது. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிகழ்வுகளால் முடிவாகின்றன.

நடுவயது ஆண் இரட்டையர்களை வைத்து மேத்யூ பனிசோனும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மொத்தப் பரப்பின் மரபுவழிப் பங்கு (ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபணுக்களால் வரும் பங்கு) 0.89 என்றும் சராசரித் தடிமனுடையது 0.81 என்றும் வந்தது. இரண்டும் இவ்வளவு உயர்ந்திருந்தும் அவற்றுக்கிடையேயான மரபணுத் தொடர்பு (இரண்டையும் ஒரே மரபணுக்கள் எவ்வளவு பாதிக்கின்றன என்பது) 0.08 மட்டுமே. 2020இல் எனிக்மா என்ற பன்னாட்டு மூளைப்பட, மரபணு ஆய்வுக் கூட்டமைப்பு 51,665 பேரின் படங்களைக் கொண்டு சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு 199 மரபணு இடங்களைக் கண்டது. மொத்தப் பரப்போடு தொடர்புடையவை, குழந்தை பிறப்பதற்கு முன் இயங்கும் ஒழுங்குமுறைப் பகுதிகளில் செறிந்திருந்தன. ராகிச்சின் கருதுகோளுக்கு இது வலுவான துணை.

வாழ்நாளிலும் இரண்டும் சேர்ந்து நடப்பதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் படங்களைத் தொகுத்து 2022இல் நேச்சர் இதழில் வந்த மூளை வளர்ச்சி வரைபடங்களில், சராசரித் தடிமன் 1.7 வயதளவில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்குகிறது. மொத்தப் பரப்பு 11 வயதளவில்தான் உச்சத்துக்கு வருகிறது. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. கன அளவு இரண்டையும் பெருக்கி, ஒன்றை மற்றொன்றால் மறைத்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆட்டிசம் வரும் வாய்ப்பு அதிகமுள்ள குடும்பங்களில் பிறந்த குழந்தைகளை ஹெதர் ஹேஸ்லெட் குழு தொடர்ந்து கவனித்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பின்னர் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் மேற்பரப்பு மிகையாக விரிந்தது. மூளையின் கன அளவு மிகையாகப் பெருகியது 12 மாதங்களுக்குப் பிறகுதான். கன அளவை மட்டும் பார்த்திருந்தால் முந்தைய அரையாண்டு கண்ணில் பட்டிருக்காது.

கன_அளவுக்காரர் எழுதியது:

நன்றி, இது எனக்குப் புதிய தகவல். என் பழைய தரவுகளில் கண்ட கன அளவு வேறுபாடு எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது.

முக்கோணம் எழுதியது:

பிரிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உள்பரப்பைத் தடிமனால் பெருக்கினால் மேடுகளில் கன அளவு குறைந்துபோகும், பள்ளங்களில் கூடிப்போகும், பழைய_வாக்சல் காட்டிய அரைவட்டமே இதற்கும் காரணம். உள் முக்கோணத்தையும் அதற்கு நேரான வெளி முக்கோணத்தையும் இணைத்தால் வரும் துண்டை மூன்று நான்முகிகளாக வெட்டிக் கூட்டுவதே முறை.

சிறுசிறு_கரை எழுதியது:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு தயக்கம் இருக்கிறது. பரப்பளவு என்பது மூளையில் இருக்கும் ஒன்றா, நாம் போட்ட வலையில் இருக்கும் ஒன்றா? கடற்கரையின் நீளம் அளவுகோலைப் பொறுத்து மாறும் என்று மாண்டல்பிராட் 1967இல் காட்டினார். மூளையின் மடிப்புகளிலும் நுண்ணிய நெளிவுகள் இருக்கின்றன. 1 மி.மீ. வாக்சலில் எடுத்த படமும் 0.7 மி.மீ. வாக்சலில் எடுத்த படமும் ஒரே பரப்பைத் தருமா? வலையை அடர்த்தியாக்கிக்கொண்டே போனால் உண்மையான பரப்பை நெருங்குவோம் என்ற நம்பிக்கையும் கணிதத்தில் நிற்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹெர்மன் ஷ்வார்ஸ் கொடுத்த உதாரணத்தில், எல்லா முனைகளும் ஓர் உருளையின் மேலேயே இருக்கின்றன. முக்கோணங்கள் சிறிதாகிக்கொண்டே போகின்றன. ஆனால் ஆர்மோனியத்தின் துருத்தி போல அவை மடிந்துகொள்வதால் மொத்தப் பரப்பு எல்லையின்றி வளர்கிறது.

பழைய_வாக்சல் எழுதியது:

தயக்கம் சரியானது, ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். ஷ்வார்ஸின் உருளையில் முக்கோணங்கள் பரப்பைத் தழுவிப் படுக்காமல் குறுக்கே நிமிர்ந்து நிற்கின்றன. நம் வலையில் முக்கோணங்கள் நிமிர்ந்து நிற்கக் கூடாது என்பதற்காகவே வழவழப்பாக்கும் விசை ஒன்று கணக்கில் சேர்க்கப்படுகிறது. அந்த விசை கூடினால் பரப்பு குறையும், தளர்ந்தால் சொரசொரப்பு ஏறிப் பரப்பு கூடும். ஆகவே வரும் எண் அந்த அமைப்புக்கு உட்பட்ட எண்தான், மறுக்கவில்லை. ஒரே கருவி, ஒரே வாக்சல், ஒரே மென்பொருள் பதிப்பு என்று வைத்து ஒப்பிடும்போது அது ஒழுங்கான அளவுகோல். கருவியும் பதிப்பும் கலந்த தரவில் சிறு வேறுபாட்டைக் கண்டு மகிழ்வதுதான் ஆபத்து.

வலையை மெலிதாக்கும்போதும் கவனம் தேவை. கனெக்டோம் திட்டம் பரவலாக்கிய 32,492 முனைகள் கொண்ட வலைக்கு மூளையை மாற்றிவிட்டு, அந்த வலையிலேயே பரப்பை அளந்தால் வளைவுகளை நேர்கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லும், பரப்பு குறைந்துபோகும். சொந்த அடர்த்தியில் அளந்து, பிறகு பங்கிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

படப்_பரிசோதகர் எழுதியது:

கணிதம் பேசும் நண்பர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, படத்தைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். கடந்த மாதம் பார்த்த ஒரு படத்தைச் சொல்கிறேன். கோரோனல் வெட்டில் (மூளையை முன்பின்னாகப் பிரிக்கும் செங்குத்து வெட்டு) ஒவ்வொரு துண்டாக முன்னோக்கிச் சென்றேன். உள்பரப்பைக் காட்டும் மஞ்சள் கோடு வெண்பொருளை ஒட்டி அழகாகச் சென்றது. பொட்டு மடலின் முன்முனைக்கு வந்ததும் சாம்பலுக்கும் வெள்ளைக்கும் இடையிலான வேறுபாடு மங்கி, கோடு திடீரென்று உள்வாங்கியது. ஒரு மேடு முழுவதுமாக விடுபட்டுவிட்டது. இன்னும் சற்று மேலே வெளிப்பரப்பின் சிவப்புக் கோடு புறணியை விட்டு வெளியேறி, மூளையின் தடித்த வெளியுறையான டியூரா மேட்டர் மீது ஏறி ஓடிக்கொண்டிருந்தது. அட்டவணையில் அந்த ஆளுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. எண் மற்றவர்களைப் போலவே இருந்தது.

தலை அசைந்த படங்களில் இது அதிகம். அசைவு புறணியை மெலிதாகக் காட்டும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் அசைவார்கள். வயது ஆய்வில் அசைவும் வயதும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எல்லாப் படங்களையும் திறக்க நேரமில்லை என்றால், திருத்துவதற்கு முன் வலையில் எத்தனை ஓட்டைகளும் பாலங்களும் இருந்தன என்பதைக் காட்டும் ஆய்லர் எண்ணை வரிசைப்படுத்துங்கள். குறையில்லாத பந்துக்கு அது 2. ஒவ்வொரு ஓட்டைக்கும் 2 குறையும். அதிகம் குறைந்திருக்கும் படங்களை முதலில் திறங்கள்.

நரம்பியல்_மாணவி எழுதியது:

இவ்வளவு பேர் பொறுமையோடு எழுதியதற்கு மனமார்ந்த நன்றி. உட்சுவரை விலக்கிக் கூட்டியதும் முதல் இரண்டு எண்களும் ஒன்றாகிவிட்டன. ஜாக்கோபியன் திருத்தத்தோடு வார்ப்புருவுக்கு மாற்றியதும் மூன்றாவதும் அவற்றோடு சேர்ந்துகொண்டது. பெரிய தலையும் சிறிய தலையும் இப்போது தெளிவாக விலகி நிற்கின்றன.

இதனால் அடுத்த கேள்வி எழுகிறது. இடவாரியாகப் பார்க்கும்போது தலையின் அளவை எப்படிச் சரிசெய்வது? என் வழிகாட்டி மொத்தப் பரப்பால் வகுக்கச் சொல்கிறார். உடன் படிப்பவர் மண்டையோட்டின் உள்கன அளவை இணைமாறியாக (புள்ளியியல் கணக்கில் உடன் வைத்து, அதன் விளைவைக் கழிக்கும் அளவாக) சேர்க்கச் சொல்கிறார்.

மரபணு_வாசகர் எழுதியது:

வகுப்பது எனக்கு உடன்பாடில்லை. மொத்தத்தால் வகுத்தால் எல்லா இடங்களும் ஒரே பொட்டலத்தின் பங்குகளாகிவிடும். நெற்றி மடல் மட்டும் விரிந்து மற்றவை அப்படியே இருந்தாலும், மற்றவை சுருங்கியதாகத் தெரியும்.

முக்கோணம் எழுதியது:

நானும் அதையே சொல்வேன். உருவம் மாறாமல் ஒரு பொருள் பெரிதானால், பரப்பு கன அளவின் மூன்றில் இரண்டு அடுக்காக வளரும். கன அளவு இரட்டித்தால் பரப்பு 1.59 மடங்கு. மனித மூளை அப்படி வளர்வதில்லை. பெரிய மூளைகளில் மடிப்பு கூடி, பரப்பு அந்த விகிதத்தை மிஞ்சுகிறது என்று ராபர்டோ டோரோவும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் காட்டினார்கள். ஆகவே எந்த ஒரு நிலையான அடுக்கால் வகுத்தாலும் தலையளவின் தடம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். பரப்பையும் கன அளவையும் மடக்கையாக்கி, அடுக்கைத் தரவே தீர்மானிக்கும்படி இணைமாறியாகச் சேர்ப்பது மேல். இடவாரிப் பரப்பு வலப்பக்கம் நீண்ட வாலோடு பரவியிருக்கும் என்பதாலும் மடக்கை உதவுகிறது.

எந்த மொத்தத்தைச் சேர்க்க வேண்டும் என்பது உங்கள் கேள்வியைப் பொறுத்தது. வயதானால் புறணி முழுவதும் எவ்வளவு சுருங்குகிறது என்பது கேள்வியானால், மொத்தப் பரப்பை இணைமாறியாக வைப்பது விடையையே வெட்டி எறிவதாகும். உள்கன அளவை வையுங்கள், அது முதுமையில் பெரிதாக மாறுவதில்லை. எந்த இடம் மற்ற இடங்களைவிட முந்திச் சுருங்குகிறது என்பது கேள்வியானால் மொத்தப் பரப்பு பொருத்தமானது. இரண்டையும் செய்து இரண்டையும் வெளியிடுவதில் தவறே இல்லை.

நரம்பியல்_மாணவி எழுதியது:

என் கேள்வி முதல் வகை. வழிகாட்டியிடம் இந்த விளக்கத்தை அப்படியே எடுத்துச் செல்கிறேன். அதற்கு முன், ஆய்லர் எண்ணை வரிசைப்படுத்தியதில் கடைசியில் நின்ற ஐந்து படங்களைத் திறந்து பார்த்தேன். இரண்டில் பொட்டு மடலின் முன்முனையில் மஞ்சள் கோடு, படப்_பரிசோதகர் சொன்னது போலவே, உள்வாங்கியிருக்கிறது. அந்த இரண்டு பேரும் என் மாதிரியிலேயே மூத்தவர்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இது வெண்பொருள் என்று மென்பொருளுக்குக் கையால் குறித்துக் காட்டுபவை) வைத்து மறுபடி ஓட்ட விட்டிருக்கிறேன். முடிந்ததும் முன்னும் பின்னும் வந்த மொத்தங்களை இங்கேயே பதிவிடுகிறேன்.